கரையான் தின்ற லேபிள்

வஞ்சிக்கப்பட்டவள் நான், அக்கா. இலக்கியா, எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் ஆண்டு. வஞ்சித்தவள் ஷெரில், அதே வகுப்பு, அதே பெஞ்சு. எப்படி வஞ்சித்தாள் என்றால், நானும் அவளும் சேர்ந்து தேடி எடுத்த ஒரு இசைத்தட்டின் மேல் வெள்ளைக் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டி, அதன் பெயரை என்னிடமிருந்தே மறைத்தாள். என்னிடமிருந்தே!

நீங்கள் கேட்டது என்னவோ இந்தப் பெட்டியை மேலே வைக்கலாமே என்றுதான். இல்லை அக்கா, மடியிலேயே இருக்கட்டும். உள்ளே இருப்பது அத்தனையும் தட்டு. மேலே வைத்தால் யாராவது சூட்கேசைத் தூக்கி இதன் தலையில் போடுவார்கள். நீங்கள் விழுப்புரத்தில் இறங்க வேண்டும் என்றீர்கள் இல்லையா? போதும். அதற்குள் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். யார் பக்கம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்றாவது ஆள் சொன்னால் ஒரு மதிப்பு இருக்கிறது.

'சோல்' என்று ஒரு இசை, அக்கா. அமெரிக்காவில் கறுப்பு மக்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பாடியது. மாதா கோயிலில் கடவுளைக் கூப்பிட்ட அதே குரலில், விட்டுப்போன காதலனைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். நான் இதை நாற்பது பக்கத்துக்குக் கட்டுரையாக எழுதியிருக்கிறேன், ஆனால் உங்களுக்கு இது போதும்.

பெரம்பூரில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பழைய ஹால் இருக்கிறது. ஆங்கிலோ-இந்தியர்கள் ஒரு காலத்தில் நடனம் ஆடிய ஹால். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் இந்தத் தட்டுகளைக் கொண்டுவந்து விற்பார்களாம், ரயில் ஓட்டுகிறவர்கள் வாங்குவார்களாம், சனிக்கிழமையானால் அங்கே ஆட்டமாம். இப்போது மிச்சம் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். 'சோல் நைட்' என்று பெயர். நடப்பது மதியம் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை. ஏழுக்கு மேல் போனால் பாதிப் பேருக்கு மாத்திரை நேரம் தப்பிவிடும். தரை வழுக்கினால்தான் கால் சுழலும் என்பதற்காகக் கேரம் போர்டு பவுடரைத் தூவி வைத்திருப்பார்கள். முதல் தடவை போனபோது நான் வாசலிலேயே விழுந்தேன். ஷெரில் தூக்கிவிட்டாள்.

ஆமாம், அங்கே என்னைக் கூட்டிப்போனவள் ஷெரில்தான். அவளும் ஆங்கிலோ-இந்தியப் பெண், அங்கேயே பிறந்து வளர்ந்தவள், நடக்கப் பழகும்போதே அந்தப் பவுடரில் பழகியவள். இதை நான் மறைக்கவில்லை, பாருங்கள், நானே சொல்கிறேன். ஆனால் கூட்டிப்போவது வேறு, தெரிந்திருப்பது வேறு. எந்தப் பாட்டு எந்த ஊரில் எந்த வருஷம் பதிவானது, பின்னால் டிரம்ஸ் அடித்தவன் யார், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கேட்டால், "நல்லா இருக்குல்ல? அப்புறம் இன்னாடி?" என்பாள். இதெல்லாம் ஒரு பதிலா?

ஆறே மாதத்தில் நான் நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் படித்து முடித்தேன். அப்புறம் இரண்டு பேரும் தட்டு தேட ஆரம்பித்தோம். பெரம்பூர், அயனாவரம், பரங்கிமலை என்று வீடு வீடாக. வீட்டைக் காலி செய்கிறவர்கள், பெரியவர் செத்துப்போய் அலமாரியை ஒழிக்கிறவர்கள். கிடைப்பதைத் தரையில் பரப்பி, ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி எடுத்துக்கொள்வோம். அதுதான் எங்கள் விதி. முதலில் எடுப்பது நான். ஏனென்றால் நோட்டு என்னிடம் இருக்கிறது. தெரிந்தவள் முதலில் எடுத்தால்தானே நல்லது வீணாகாமல் இருக்கும்? ஷெரிலும் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்றால், நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "சரி சரி, எடு மேன், பசிக்குது" என்றாள். அவர்கள் பேச்சில் ஆணும் 'மேன்'தான், பெண்ணும் 'மேன்'தான்.

செங்கல்பட்டு ஏரி வந்துவிட்டதா? தண்ணீரே இல்லையே. சரி, விடுங்கள்.

போன ஆடி மாதம் அயனாவரத்தில் ஒரு வீடு. மெயில் வண்டி ஓட்டினவர் ஒருவர் இறந்துபோய், அவர் மகள் கோயம்புத்தூருக்குக் குடிபோகிறாள். "அப்பாவோட டிரங்குப் பெட்டி ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போயிடுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றாள். திறந்தால் நாற்பது தட்டு. சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டையாகி, கரையான் ஏறியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தோம். நான் நோட்டைப் பார்த்து, கம்பெனி பெயரைப் பார்த்து, எண்ணைப் பார்த்து எடுத்தேன். அவள் கையில் பட்டதை எடுத்தாள்.

கடைசியில் இரண்டு தட்டு. என் முறை. ஒன்று, நல்ல கம்பெனி, நோட்டில் நான் மூன்று நட்சத்திரம் போட்டு வைத்தது. இன்னொன்றுக்கு உறையும் இல்லை, லேபிளும் இல்லை. நடுவில் இருந்த வட்டத்தைக் கரையான் தின்றுவிட்டு, ஓரத்தில் கொஞ்சம் நீலம் மட்டும் மிச்சம் வைத்திருந்தது. நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்? அதைத்தான் நானும் எடுத்தேன். எடுத்துவிட்டுச் சிரிப்பாகச் சொன்னேன்: "பேரில்லாத புள்ளைய நீயே வளத்துக்கோ." அவளும் சிரித்தாள். துப்பட்டாவால் மண்ணைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த சோல் நைட். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். வயிற்றெரிச்சல் என்றா சொன்னேன்? கோபம். என் கோபம் புரியும். ஆறு மணிக்கு டீ, கட்லெட். டீ முடியும்போது யாராவது, "கடைசித் தட்டு யாருது?" என்று சத்தமாகக் கேட்பார்கள். ஹால் முழுக்கச் சேர்ந்து ஒரு பெயரைக் கத்தும். அந்த ஆள் போடும் பாட்டோடுதான் அன்றைக்கு விளக்கை அணைப்பார்கள். அந்தக் கடைசித் தட்டுக்குச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கூடக் கையை ஆட்டுவார். ஒன்றரை வருஷமாக மாதம் தவறாமல் நான் தட்டு போடுகிறேன். என் பெயரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரும் கத்தியதில்லை.

நான் போடும்போதுதான் எல்லோருக்கும் கட்லெட் ஞாபகம் வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு நான்கு நிமிஷம் அதன் வரலாற்றைச் சொல்வேன். வரலாறு தெரியாமல் ஆடினால் அது வெறும் உடற்பயிற்சி இல்லையா? ஷெரில் ஒரு தடவை காதில் சொன்னாள்: "கொஞ்சம் கம்மியாப் பேசுடி, அங்கிள்லாம் நின்னுட்டே இருக்காங்க, கால் வலிக்குமில்ல." பொறாமை, அக்கா. எனக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்கிற பொறாமை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை. இடையில் ஒரு பாட்டாக ஷெரில் அந்தத் தட்டைப் போட்டாள். பாட்டின் தொடக்கத்தில் வெறும் கைத்தட்டல் தாளம். அப்புறம் ஒரு பெண் குரல். 'போகிறதானால் போ, கதவை மட்டும் சாத்தாதே' என்கிற மாதிரி ஒரு வரி. அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறாள், ஒவ்வொரு தடவையும் அந்தக் காதலன் இன்னும் ஒரு அடி தள்ளிப்போகிற மாதிரி இருக்கிறது. எனக்கு முதுகில் சில்லிட்டது. சில்லிட்டது என்று சொல்வதற்கு எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

ஹாலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ப்ளாசம் ஆன்ட்டி என்று ஒருவர், எழுபத்தெட்டு வயசு, முழங்கால் தேய்ந்தவர், ஒவ்வொரு மாதமும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதோடு சரி. அவர் எழுந்தார். தனியாகவே, எதிரே ஆள் இருக்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பாட்டு முடிந்ததும், "டெரிக்கோட ஆடினது இதுதான் மேன்! அறுபத்தாறுல, அவன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுறதுக்கு முந்தின சனிக்கிழமை! இதே பாட்டு!" என்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். டெரிக் போனவர் போனவர்தான். கடிதமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆன்ட்டி கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

டீ முடிந்தது. "கடைசித் தட்டு யாருது?" "ஷெரில்!" அதே பாட்டை மறுபடியும் போடச் சொன்னார்கள். பெயர் என்ன என்று கேட்டதற்கு மைக்கில் அவள், "பேரில்லாத புள்ள" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா, அந்தப் பெயர் என்னுடையது. நான் சொன்னது. அதற்கும் கைதட்டல் அவளுக்கு.

நான் மேடைக்குப் போய்ப் பார்த்தேன். தட்டின் நடுவில் வெள்ளைக் காகிதம்.

அந்த வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. சீமையில் சோல் கிளப்புகளில் அபூர்வமான தட்டு ஒருவனுக்குக் கிடைத்தால், லேபிள் மேல் காகிதம் ஒட்டி, பொய்ப் பெயர் ஒன்றைச் சொல்வான். மற்றவர்கள் அதைத் தேடிப்போய்க் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. இந்த வழக்கத்தை எங்கள் ஹாலுக்குக் கொண்டுவந்ததே நான்தான். என் தட்டுகளில் பன்னிரண்டுக்குக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் என்னிடம் கற்றுக்கொண்ட வித்தையை என்மேலேயே காட்டினால்?

"பேரச் சொல்லு" என்றேன்.

"தெரியாதுடி."

"தெரியாதவ ஏன் மூடி வெச்சிருக்க?"

"எங்க மூடுனேன்? கரையான் தின்ன லேபிள்டி அது. தூள் தூளாக் கொட்டுது, ஊசில போய் ஒட்டுது. அதான் பேப்பர் வெட்டி ஒட்டினேன்."

நம்புகிற மாதிரியா இருக்கிறது? நீங்கள் தலையாட்டுகிறீர்கள். நம்புகிற மாதிரி இருக்கிறதா? அக்கா, நீங்கள் இந்த உலகத்துக்குப் புதுசு. வெள்ளைக் காகிதம் என்றால் ஒரே அர்த்தம்தான்.

அடுத்த மாதமும் "ஷெரில்!" அதற்கடுத்த மாதமும் "ஷெரில்!" வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் குறிப்பெடுக்கும்போது, அவள் அந்தப் பாட்டை மூக்குக்குள் முனகிக்கொண்டிருப்பாள். வேண்டுமென்றே. ஒருநாள் சாதாரணமாகக் கேட்டேன்: "அந்தத் தட்டக் குடேன், நல்லாக் கழுவித் தரேன். எங்கிட்ட நல்ல பிரஷ் இருக்கு." உடனே கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது, இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாளே என்று.

ஹாஸ்டல் பாத்ரூமில் பஞ்சை நனைத்துக் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தோடு சேர்ந்து, மிச்சமிருந்த அந்த நீல ஓரமும் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒன்றுமே இல்லை. பெயர் இல்லை, எழுத்து இல்லை, வெறும் கறுப்பு. இதை வைத்து அவள் சொன்னது உண்மை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கரையான் தின்பதற்கு முன்னால் அவள் பார்த்திருக்கலாம். நானும் அப்போது கூட இருந்தேன் என்பது சரிதான், ஆனால் நான் எல்லா நேரமும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கவில்லையே.

அப்புறம்தான் கவனித்தேன். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் இடம் இருக்கும். அங்கே தட்டு செய்தவர்கள் ஊசியால் ஒரு எண்ணைக் கீறியிருப்பார்கள். காகிதத்தை எடுக்காமலே அதைப் படித்திருக்கலாம் என்று கேட்பீர்கள். படித்திருக்கலாம். எடுத்தபின்தான் தோன்றியது. டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் படித்து, வெளிநாட்டில் தட்டு சேகரிக்கிறவர்கள் குழு ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். மூன்றாம் நாள் பதில். பாடியவள் பெயர், பாட்டின் பெயர், ஊர், வருஷம், எல்லாம். உலகத்தில் பத்துப் பிரதி இருந்தால் அதிகமாம். கண்டுபிடித்தது யார்? நான். அந்தத் தட்டுக்குப் பெயர் வைத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் அழகாக லேபிள் அச்சடித்து, வட்டமாக வெட்டி, நானே ஒட்டினேன். உறையில் போட்டுச் சோல் நைட் அன்றைக்கு ஹால் வாசலில் வைத்து ஷெரிலிடம் கொடுத்தேன். அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தேங்க்ஸ்டி, கழுவிட்டியா?" என்றாள், அவ்வளவுதான்.

டீ முடிந்தது. "ஷெரில்!" என்று கத்தினார்கள். அவள் தட்டை வெளியே எடுத்தாள். லேபிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்வது தப்பா அக்கா? பாடியவள் இன்னார், பதிவான ஊர் இது, வெளியான வருஷம் எழுபத்திரண்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்டுபிடித்த விதத்தையும் சொன்னேன். ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும். ஜன்னல் ஓரத்திலிருந்து ப்ளாசம் ஆன்ட்டி, "எழுபத்திரண்டா? இல்ல சைல்டு, அறுபத்தாறு" என்றார்.

"எழுபத்திரண்டு ஆன்ட்டி. நம்பர வெச்சுப் பாத்தாச்சு."

"டெரிக் அறுபத்தாறுலயே போய்ட்டான், மேன்."

"அதத்தான் ஆன்ட்டி சொல்றேன். எழுபத்திரண்டுல வந்த பாட்டுக்கு அறுபத்தாறுல ஆட முடியாது. உங்களுக்கு ஞாபகம் மாறியிருக்கு. ஆராய்ச்சில இதுக்குப் பேரே இருக்கு, வாய்மொழிச் சாட்சியத்துல இது சகஜம்…"

மைக்கில் பேசினேன் என்பது உண்மை. கையில் மைக் இருந்தது, அதனால் மைக்கில் பேசினேன்.

ஆன்ட்டி பாதி எழுந்திருந்தார். ஒரு கை அப்போதே மேலே போயிருந்தது. அதை இறக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ எந்தப் பாட்டுக்கு ஆடினேன், சைல்டு?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். ஹாலே திரும்பி என்னைப் பார்த்தது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக நான் சொல்வதைக் கேட்க அத்தனை பேரும் காத்திருந்தார்கள். எனக்கு என்ன தெரியும்? நோட்டில் அது இல்லை. "ஏதாவது வேற பாட்டா இருக்கும் ஆன்ட்டி" என்றேன்.

ஷெரில் அந்தத் தட்டைப் போடவில்லை. உறைக்குள் வைத்துவிட்டு, வேறு ஏதோ ஒன்றை, எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டைப் போட்டாள். போட்டுவிட்டு இறங்கிப்போய், ஆன்ட்டியின் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துவிட்டாள். கறுப்புப் பாவாடை முழுக்கப் பவுடர். யாரும் ஆடவில்லை. அன்றைக்கு விளக்கை ஆறரைக்கே அணைத்துவிட்டார்கள்.

என்னை ஒருவர்கூடத் திட்டவில்லை, அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம். அடுத்த மாதம் ஆன்ட்டி வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள். முழங்கால் வலிக்கும் நானா பொறுப்பு? ஷெரில் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் பேச்சில்லை. பக்கத்து இடம் காலி. முனகல் சத்தம் இல்லாமல் நன்றாகக் குறிப்பெடுக்க முடிகிறது. ரொம்ப நன்றாக.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? கண்ணில் தூசி. இந்த ஜன்னலை மூடினால் தேவலை.

போன வாரம் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது குறிப்பு, வரிசை எண் போட்டு. சேர்ந்து தேடிய தட்டில் எனக்கும் பங்கு உண்டு என்பது முதல் குறிப்பு. காகிதம் ஒட்டுவதன் பொருள் என்ன என்பது நான்காவது. ஆன்ட்டி விஷயத்தில் நான் சொன்னது தகவல்தானே தவிர அபிப்பிராயம் இல்லை என்பது ஏழாவது. எட்டாவதை எழுதி எழுதி அடித்துவிட்டேன், எண் மட்டும் இருக்கிறது. ஒன்பதாவது கேள்வி. அதுதான் மையமே. பெயரும் இல்லாமல், லேபிளும் இல்லாமல், அது நல்ல பாட்டு என்று உனக்கு எப்படித் தெரிந்தது? இதில் அவள் தப்பிக்கவே முடியாது. முன்பே தெரிந்திருந்தது என்றால் என்னை ஏமாற்றியிருக்கிறாள். தெரியாது என்றால் அது வெறும் அதிர்ஷ்டம், அதில் அவளுக்கு என்ன பெருமை? எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்வாள். அந்த ஒரு கேள்விக்காக நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

இன்று காலை எழும்பூரில் வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் போனில் பதில் வந்தது. ஒன்பது குறிப்புக்கு நாலே வரி. அதிலும் கடைசி வரி கேள்வி. கேள்விக்குக் கேள்வி பதிலாகுமா? எந்த விவாத மேடையிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விழுப்புரம் வரப்போகிறது, பையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் படிக்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே படிக்கிறேன்:

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. நீ எடுத்தது போக மிச்சம் இருந்துச்சு, எடுத்தேன். வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் போட்டுக் கேட்டேன், ரெண்டு பக்கமும். நீ எடுத்த இருபதையும் நீ கேட்டுட்டியா?"